போல்ட்டை எழுதாத கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள்!

வேதாரண்யம், தலைஞாயிறு, கோடியக்கரைத் தோழர்களே!

2018 நவம்பர் 16, விடியுமுன் கஜா புயல் கரையேறியதை நாம் யாரும் மறக்கவில்லை. பறந்துபோன தகரத்தைத் தென்னந்தோப்பிலும் உப்பளத்திலும் தேடிப் பொறுக்கியவர்கள் நாம். இதோ, ஐப்பசி வாசலில் நிற்கிறது. "சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு" என்று இரண்டே வரி எழுதிய தாளைக் காட்டி, கூரை போடும் கான்ட்ராக்டர்கள் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள்!

புயல் கூரையை அமுக்கி உடைப்பதைவிட உறிஞ்சித் தூக்குவதே அதிகம். ஓரம், மூலை, முகடு மூன்றிலும் அந்த இழுப்பு கடுமை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஷீட்டை அதைத் தாங்கும் குறுக்குக் குழாயான பர்லினோடும், பர்லினைக் கூரைச் சட்டமான டிரஸ்ஸோடும், டிரஸ்ஸைச் சுவரோடும் பிணைக்கும் இடங்களில்தான் கூரையின் உயிர் இருக்கிறது. ஒன்று விட்டாலும் கூரை போகும். காசை மிச்சம்பிடிக்க எளிதான இடமும் அதுதான். வேலை முடிந்தால் கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆகவே பட்டியலை நாம் எழுதுவோம். மூன்று பேரிடம் அதே பட்டியலுக்கு விலை கேட்போம்.

ஷீட் எத்தனை மில்லிமீட்டர்? அது பெயின்ட் பூச்சைச் சேர்த்தா, சேர்க்காமலா?
பர்லின் குழாயின் கனம் என்ன, இடைவெளி என்ன?
ஸ்க்ரூ எவ்வளவு தூரத்துக்கு ஒன்று? ஓரங்களில் நெருக்கி அடிப்பார்களா? உப்புக்காற்றைத் தாங்குமா?
டிரஸ்ஸின் பேஸ் பிளேட்டை ஆங்கர் போல்ட் போட்டுக் கான்கிரீட்டில் இறுக்குவார்களா, செங்கல்லில் செருகிவிட்டுப் போவார்களா?
காற்றுவிசைக் கணக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பாகத்தின்படி போட்டதா?
பழைய கூரையை இறக்கும் கூலி இதில் அடக்கமா?

பதில் எழுத்தில் வரட்டும். குறைந்த விலை சொல்வது குற்றமில்லை. எதைக் குறைத்தோம் என்று எழுதாமல் மறைப்பதுதான் குற்றம்.

தனித்தனியாகப் பேரம் பேசாதீர்கள், தோழர்களே! தெருவுக்குப் பத்து வீடு சேர்ந்து போனால் நம் பேச்சுக்கு எடை கூடும். பணத்தைத் தவணையாகவே கொடுப்போம். நம்மில் ஒருவர் ஏணியேறி, ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்த பிறகே கடைசித் தவணை.

கையில் இருக்கும் கொட்டேஷனை இன்றிரவே பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து படியுங்கள். அதில் போல்ட் என்ற சொல்லே இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். மழைக்கு முன் எழுந்திருங்கள், தோழர்களே. நம் பிள்ளைகள் அந்தக் கூரைக்குக் கீழேதான் உறங்குகிறார்கள்!