வீட்டுத் தளம் கிடங்கின் பாரத்தைத் தாங்குமா? கட்டடச் சுமைக் கணக்கு உணர்த்துவது என்ன?

திருவனந்தபுரம்: கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2025 ஜூலை 3ஆம் தேதி பழைய கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் பெண் ஒருவர் உயிரிழந்தார். இதையடுத்து, கேரளத்தில் பழைய கட்டடங்களின் உறுதித்தன்மை விவாதப் பொருளானது. ஆனால், வயதுக்கு இணையாகக் கவனிக்க வேண்டிய கேள்வி மற்றொன்று உள்ளது. ஒரு தளம் எவ்வளவு பாரத்துக்காக வடிவமைக்கப்பட்டது? இன்று அதன் மீது எவ்வளவு பாரம் இருக்கிறது?

இரு வகைச் சுமைகள்

தளத்தின் சொந்த எடை 'நிலைச்சுமை' எனப்படுகிறது. 12.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளம், சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ எடை கொண்டது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இந்த எடையைக் குறைக்கும் முறையைப் பரவலாக்கினார். தளத்தின் அடிப்பகுதியில் உள்ள கான்கிரீட், பாரம் தாங்குவதில் பெரிய பங்கு வகிப்பதில்லை. இழுவிசையைக் கம்பிகளே ஏற்கின்றன. எனவே, கம்பிகளுக்கு இடையே ஓடுகளைப் பதித்து அவர் கான்கிரீட்டை மிச்சப்படுத்தினார்.

மனிதர்கள், அறைகலன்கள், பொருட்கள் ஆகியவற்றின் எடை 'இயங்குசுமை'. இது பயன்பாட்டைப் பொறுத்தது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875 (பகுதி 2), சதுர மீட்டருக்கு வீட்டு அறைகளுக்குச் சுமார் 200 கிலோ, வகுப்பறைகளுக்கு 300, நிலையான இருக்கைகள் இல்லாத கூட்ட அரங்குகளுக்கு 500 எனக் கணக்கிடச் சொல்கிறது. நூலகப் புத்தக அடுக்கறைகளுக்கு இது 600 கிலோவிலும், கிடங்குகளுக்கு 750 கிலோவிலும் தொடங்குகிறது. அடுக்கும் உயரத்துக்கேற்ப மேலும் கூடும்.

பயன்பாடு மாறும்போது

சிக்கல் இங்குதான் எழுகிறது. குடியிருப்பாகக் கட்டப்பட்ட வீட்டின் மாடி பயிற்சி மையமானால் தேவை ஒன்றரை மடங்காகிறது. கிடங்கானால் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

வங்கதேசத்தின் சாவரில் 2013 ஏப்ரல் 24ஆம் தேதி இடிந்த ராணா பிளாசா இதற்குக் கொடிய சான்று. கடைகள், அலுவலகங்களுக்கான அக்கட்டடத்தின் மேல்தளங்களில் ஆடைத் தொழிற்சாலைகளும் கனமான ஜெனரேட்டர்களும் இயங்கின. 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வடிவமைப்பின்போது சுமைகள் 1.5 மடங்காகப் பெருக்கப்படுகின்றன. ஆகவே, அளவு சற்று மீறியவுடன் கட்டடம் விழுந்துவிடாது. எனினும், இந்தக் கூடுதல் வலிமை கணக்கிலும் கட்டுமானத்திலும் நேரக்கூடிய குறைகளை ஈடுகட்டுவதற்கானது. கூடுதல் பாரம் ஏற்றுவதற்கான அனுமதி அல்ல.

மொட்டை மாடியும் மழையும்

மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு விதிக்கப்பட்ட இயங்குசுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ மட்டுமே. பருவமழைக் காலத்தில் வடிகுழாய் அடைபட்டு 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே 100 கிலோ சேர்ந்துவிடும். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால், ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு டன் எடை இறங்குகிறது. இதனால்தான் தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், தூண்கள் அல்லது பாரம் தாங்கும் சுவர்களின் மேல் அமைக்கப் பொறியாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.

செய்ய வேண்டியவை

கட்டடத்தின் பயன்பாட்டு வகையை மாற்ற அனுமதி பெறுவதைக் கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 2019 கட்டாயமாக்கியுள்ளது. ஆனால், அனுமதிச் சீட்டு மட்டும் தளத்தை வலுப்படுத்திவிடாது. மாடியை வாடகைக்கு எடுப்பவர் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டுப் பார்ப்பதும், வரைபடம் இல்லையெனில் கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்வதும் அவசியம். தளத்தின் அடியில் புதிய விரிசலோ தொய்வோ தென்பட்டால், முதலில் பாரத்தை இறக்கி அப்பகுதியிலிருந்து விலக வேண்டும். பூச்சு வேலை அதற்குத் தீர்வாகாது.