'பிகினர் சிகரம்' ஏறப் போறீங்களா? முதலில் லீவு எத்தனை நாள்னு பாருங்க!

அக்டோபர் சீசன் நெருங்கினால் அந்த ரீல் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடும். ஹெல்மெட், ஆரஞ்சு நிற டவுன் ஜாக்கெட், பின்னால் வெள்ளை வெளேர் முகடு. கீழே ஒரு வரி: '6,000 மீட்டர். முன் அனுபவம் தேவையில்லை. 12 நாள்.' பார்த்தவர் அதை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். நாலு பேர் 'நான் வர்றேன்' என்பார்கள். ஒருத்தர் அன்றைக்கே அட்வான்ஸும் கட்டிவிடுவார்.

அந்த வரியில் முதல் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். 'என்னால முடியுமா? ஜிம் போகணுமா? ஷூ எது வாங்கலாம்?' மூன்றாவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால், ஆபத்து ஒளிந்திருப்பது அந்த '12 நாளில்'தான்.

'ட்ரெக்கிங் பீக்' என்று யார் சொன்னது?

நேபாளத்தில் 'ட்ரெக்கிங் பீக்' என்பது ஒரு நிர்வாகப் பெயர். பெரிய சிகரங்களுக்கு அரசின் சுற்றுலாத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அளவுக்குப் பேப்பர் வேலை இல்லாமல் ஏறுவதற்காக, 1978-ல் 18 சிகரங்கள் நேபாள மலையேற்றச் சங்கத்தின் பொறுப்பில் விடப்பட்டன. பிற்பாடு பட்டியல் நீண்டது. அதாவது, அந்தப் பெயர் சொல்வது அனுமதியை எந்தக் கவுன்ட்டரில் வாங்க வேண்டும் என்பதை மட்டும்தான். மலை எவ்வளவு சுலபம் என்பதை அல்ல. அனுபவசாலிகளையே திணறவைக்கும் குசும் காங்குருவும் இதே பட்டியலில்தான் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் அதிகம் விற்பனையாகும் பெயர்களில் ஒன்று ஐலண்ட் பீக். எவரெஸ்ட் இருக்கும் கும்பு பகுதியில், 6,189 மீட்டர் என்று பரவலாகக் குறிப்பிடப்படும் சிகரம். 1950-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் போன மலையேறிகளுக்கு, டிங்போச்சேயிலிருந்து பார்க்கும்போது பனிக்கடலுக்கு நடுவே ஒரு தீவு போலத் தெரிந்ததால் இந்தப் பெயர். 1983-ல் 'இம்ஜா ட்சே' என்று பெயர் மாற்றியாச்சு. யாரும் கூப்பிடுவதில்லை, அது வேறு கதை.

1953-ல் இதில் முதன்முதலாக ஏறியவர்களில் ஒருவர் டென்சிங் நோர்கே. எவரெஸ்ட்டுக்கு முந்தைய வார்ம்-அப்பாகத்தான் அந்தக் குழு இதில் ஏறியது. 'எவரெஸ்ட்டுக்கே இதில்தான் பிராக்டிஸ் பண்ணினார்கள்' என்று விளம்பரங்கள் இன்றும் பெருமையாகச் சொல்கின்றன. பிராக்டிஸ் பண்ணியது யார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் பிரெஞ்சு அளவுகோலில் ஐலண்ட் பீக்குக்கு வழக்கமாகத் தரப்படும் தரம் 'பி.டி. பிளஸ்'. பி.டி. என்றால் 'கொஞ்சம் கடினம்'. 'சுலபம்' என்பதற்குத் தனியாக ஒரு தரம் இதற்குக் கீழே இருக்கிறது. அந்தத் தரத்தை இந்த மலைக்கு யாரும் கொடுக்கவில்லை.

அந்த ஒரு நாள்

சுமார் 5,080 மீட்டரில் பேஸ் கேம்ப். நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். தலையில் டார்ச் வெளிச்சம், முதல் சில மணி நேரம் பாறையும் சரளையும். பிறகு பனி தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து கிராம்பான் மாட்ட வேண்டும். தடிமனான கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருக்கும் நேரம் அது. அடுத்து பனிப்பாறையின் பிளவுகள். சில சீசன்களில் அவற்றின் மேல் அலுமினிய ஏணி போட்டிருப்பார்கள். கடைசியில் ஒரு செங்குத்தான பனிச்சுவர். ஷெர்பாக்கள் கட்டிவைத்த கயிற்றில் ஜூமாரை மாட்டி, நாலு அடி ஏறி, மூச்சு வாங்கி, மறுபடி நாலு அடி. அதற்கு மேல் ஒல்லியான முகடு, பிறகு உச்சி.

ரீல் அங்கே முடிந்துவிடும். வந்த வழியே அதே சுவரில் கயிற்றைப் பிடித்து இறங்கும் வேலை அதில் வராது. போய்த் திரும்ப பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். களைத்துப்போன மூளை, கயிறு மாற்றும் இடத்தில் ஒரே ஒரு கொக்கியை மாட்ட மறந்தால் போதும். இத்தனைக்கும், இந்தக் கருவிகளை பலர் முதன்முதலாகக் கையில் எடுப்பதே முந்தைய நாள் மதியம், பேஸ் கேம்ப்பில் நடக்கும் ஓரிரு மணி நேரப் பயிற்சியில்தான்.

மலையும் பழைய மலை இல்லை. 1950-களில் அடிவாரத்தில் சில குட்டைகள்தான் இருந்தன. பனிப்பாறை உருகி உருகி, இன்று அது இம்ஜா என்ற பெரிய ஏரி. உடைந்தால் கீழே உள்ள கிராமங்களுக்கு ஆபத்து என்பதால் 2016-ல் நேபாள ராணுவம் வாய்க்கால் வெட்டி, நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கும் மேல் குறைத்தது. அடிவாரமே இப்படி மாறிய மலையில், பனிப் பிளவுகளும் கயிறு கட்டும் பாதையும் மட்டும் பழைய கைடு புத்தகத்தில் உள்ளபடியே காத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

காற்றுக்கு பிகினர் கோர்ஸ் கிடையாது

இதெல்லாம்கூட கற்றுக்கொள்ளக்கூடிய விஷயங்கள். நல்ல ஷெர்பா ஒருவர் பக்கத்தில் இருந்தால் முதல் தடவை போகிறவரும் கயிற்றில் ஏறிவிடலாம். அந்த அர்த்தத்தில் 'பிகினர் ஃப்ரெண்ட்லி' என்பது பொய் இல்லை. ஆனால், அந்த வார்த்தை கயிற்றைப் பற்றியது. காற்றைப் பற்றியது அல்ல.

'வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியாச்சு, இது என்ன' என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளியங்கிரிக்குச் சொல்லப்படும் ஆறாயிரம், அடிக்கணக்கு. இங்கே ஆறாயிரம், மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஐலண்ட் பீக் நடை தொடங்கும் லுக்லா விமான நிலையம் அதைவிட உயரத்தில், சுமார் 2,850 மீட்டரில் இருக்கிறது.

ஐலண்ட் பீக் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆக்சிஜனின் சதவீதம் மாறுவதில்லை. ஆனால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு பாதியாகிவிடுகிறது. உடல் இதற்குப் பழகும். மூச்சு வேகமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் ரசாயனத்தைச் சரிசெய்யும், மெதுவாகச் சிவப்பணுக்கள் கூடும். இந்த வேலைக்கு அவகாசம் வேண்டும். மாரத்தான் ஓடியவர் என்பதற்காக அவரது உடல் இதைச் சீக்கிரம் முடித்துத் தராது. உண்மையில் ஃபிட்டாக இருப்பவர்தான் வேகமாக ஏறிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

முதலில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. அதைக் கண்டுகொள்ளாமல் மேலே ஏறினால் மூளையில் வீக்கம் ஏற்படலாம். நேர்க்கோட்டில் ஒரு காலின் விரலுக்கு முன்னால் மறு காலின் குதிகாலை வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவார். அல்லது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரை எடுக்கக்கூடியவை. மருந்து, ஆக்சிஜன் எல்லாம் துணைக்குத்தான். முதன்மையான சிகிச்சை ஒன்றே ஒன்று: கீழே இறங்குவது. டயமாக்ஸ் மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும், அவ்வளவுதான். அதையும் மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக் கூடாது, குறிப்பாக சல்ஃபா மருந்து அலர்ஜி இருப்பவர்கள்.

மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கு. பகலில் எவ்வளவு உயரம் போனாலும் பரவாயில்லை, இரவு எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை ஐலண்ட் பீக் பாதையில் போட்டுப் பார்க்கலாம். லுக்லாவில் இறங்கி முதல் இரவு பாக்டிங். அடுத்து 3,440 மீட்டரில் நாம்சே. ஒரே நாளில் 800 மீட்டருக்கும் மேல் தாவுவதால் அங்கே இரண்டு இரவு. தெங்போச்சே ஒன்று. 4,410 மீட்டரில் டிங்போச்சே, மறுபடி இரண்டு. 4,730-ல் சுக்குங், பழகவும் கயிற்றுப் பயிற்சிக்குமாக இரண்டு. பேஸ் கேம்ப் ஒன்று. பத்தாவது நாள் உச்சி. திரும்பி நடக்க மூன்று நாள். லுக்லா விமானம் வானிலையால் ரத்தாவது சகஜம், உச்சி நாளன்று காற்று பலமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். அதற்காகக் கையிருப்பாக இரண்டு நாள். காத்மாண்டு வரப் போக, அனுமதி வாங்க என்று மூன்று. மொத்தம் 18.

பேக்கேஜ் சொல்வது 12. காணாமல்போன ஆறு நாள் எங்கே? நாம்சேயின் இரண்டாவது இரவில் ஒன்று, டிங்போச்சேயில் ஒன்று, கையிருப்பில் இரண்டு... இப்படித்தான் வெட்டப்படுகிறது. சாப்பாட்டிலோ டென்ட்டிலோ கைவைத்தால் கஸ்டமர் கண்டுபிடித்துவிடுவார். சும்மா இருக்கும் நாளை எடுத்துவிட்டால், 'சூப்பர், லீவு மிச்சம்' என்று அவரே சந்தோஷப்படுவார்.

நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 12 நாள் பேக்கேஜ் இருப்பதற்குக் காரணம் 12 நாள் லீவு. சனிக்கிழமை கிளம்பினால்கூட 18 நாள் பயணத்துக்கு 12 வேலை நாள் லீவு வேண்டும். தொடர்ந்து இத்தனை நாள் கேட்டால் மேனேஜர் முகம் எப்படிப் போகும் என்பது வேலைக்குப் போகும் யாருக்கும் தெரியும். கும்புவில் ஒருவர் எந்த உயரத்தில் எத்தனை இரவு தூங்குவார் என்பதைச் சென்னையில் ஒரு ஹெச்.ஆர். சாஃப்ட்வேர் முடிவு செய்கிறது. லீவு கிடைக்காதவர் 5,000 மீட்டருக்குள் முடியும் ஒரு ட்ரெக்கை அந்த வருடம் போய்வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தன் உடல் உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் தெரிந்துவிடும்.

மலையில் 'ஈஸி' என்ற வார்த்தை எவ்வளவு மெல்லியது என்பதற்கு உத்தராகண்டில் ஒரு சாட்சி உண்டு. திரௌபதி கா டண்டா-2, உயரம் 5,670 மீட்டர். உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் மாணவர்களை வழக்கமாகக் கூட்டிப்போகும் சிகரம். 2022 அக்டோபர் 4-ம் தேதி அங்கே ஏற்பட்ட பனிச்சரிவில் பயிற்சி பெறுபவர்களும் பயிற்றுநர்களுமாக 29 பேரை அந்தக் குழு இழந்தது. அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். அவர்களிடம் பயிற்சியும் இருந்தது, கருவிகளும் இருந்தன.

பணம் கட்டுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் பாலிசியின் சின்ன எழுத்துகளைப் படிக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் கயிறு கட்டி ஏறும் மலையேற்றத்துக்கு இடமில்லை, அல்லது குறிப்பிட்ட உயரத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஹெலிகாப்டர் மீட்பு 6,000 மீட்டர் பயணத்துக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது. நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஜாக்கெட் வாடகையை மட்டும் அல்ல. ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தூங்குகிறோம்? கையிருப்பு நாள் எத்தனை? உச்சி நாளன்று எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்? இவற்றுக்குப் பதில் 'அதெல்லாம் கைடு பாத்துப்பாரு சார்' என்று வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பத்து பேர் குழுவில் ஒருத்தருக்கு மட்டும் சுக்குங்கில் ராத்திரி தலை பிளக்கிறது, வாந்தி வருகிறது. மற்ற ஒன்பது பேரும் மறுநாள் மேலே போகத் தயார். டிங்போச்சேக்குப் பக்கத்தில், ஃபெரிச்சேயில் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் கிளினிக் சீசனில் திறந்திருக்கும். அந்த இருட்டில் அவரைக் கூட்டிக்கொண்டு அங்கே இறங்கப்போவது யார்? அட்வான்ஸ் கேட்டு போன் வரும்போது, அந்த ஆளின் பெயரைக் கேட்கலாம்.