குவார்ட்டர்ஸ் அடுப்பும் தம்லுக் சந்தையும்

விடியற்காலை லோக்கல் பான்ஸ்குராவில் நின்றதும் பூக்கூடைகளும் வெற்றிலைக் கட்டுகளும் ஏறுவதை நாம் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்களே என்று தமிழில் முணுமுணுக்கவும் செய்கிறோம். அந்தக் கூடைக்காரர்கள் தம்லுக், மஹிஷாதல் பக்கத்துக் குடியானவர்கள். கரக்பூருக்கு நம் பாட்டன்மார் பிழைக்க வந்த நாள் முதல் நமக்கு அண்டை அயலார். ஆனால் 1942-லும் 1943-லும் அவர்களுடைய ஊர்ச் சந்தைகளில் என்ன நடந்தது, அதே மாதங்களில் நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் அடுப்பில் என்ன வெந்தது என்று நம் சங்கத்தில் நாம் ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது பேச வேண்டிய காரணம் ஒன்று வந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

யுத்த காலத்துக்கு முன் அந்த ஊர்களில் வியாபாரம் எப்படி நடந்தது என்று முதலில் பார்ப்போம். மார்கழி, தை மாதங்களில் பெரிய அறுவடை. நிலம் உள்ளவன் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்பான். நிலம் இல்லாதவன் கூலி வாங்கி, வாரச் சந்தையில் அரிசி வாங்குவான். கைம்பெண்கள் கடனுக்கு நெல் எடுத்து, டேக்கி என்னும் கால் உலக்கையில் குத்தி, அரிசியை விற்றுக் கடனை அடைத்து, தவிட்டையும் குருணையையும் ஜீவனத்துக்கு வைத்துக்கொள்வார்கள். செம்படவன் மீன் விற்று அரிசி வாங்குவான். குயவன் சட்டி விற்று அரிசி வாங்குவான். இத்தனைக்கும் வண்டி எது? படகு. அந்தப் பக்கம் அப்போது ரயில் கிடையாது. ஹல்டி நதியும் ரூப்நாராயண் நதியும் கால்வாய்களும்தான் அவர்களுக்குத் தண்டவாளம். குட்ஸ் வண்டி ஒரு வாரம் ஓடாவிட்டால் சந்தை என்ன ஆகும் என்று இலாகாவில் வேலை பார்க்கும் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. அடுத்து ஜப்பான்காரன் வங்காளக் கரையில் இறங்குவான் என்ற பயத்தில் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு காரியம் செய்தது. எதிரிக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று சொல்லி, கரையோர மாவட்டங்களில் பத்துப் பேர் ஏறக்கூடிய படகுகளையும் அதற்குப் பெரியவற்றையும் பறித்தது. பதிவான சுமார் 66,000 படகுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டமற்றுப் போயின. சில உடைக்கப்பட்டன, சில எரிக்கப்பட்டன, சில ஓரிடத்தில் கட்டிப்போட்டு மக்கவிடப்பட்டன. மெதினிப்பூர், பாக்கர்கஞ்ச், குல்னா மாவட்டங்களில் "மிகுதி" என்று சர்க்கார் கருதிய நெல்லையும் அரிசியையும் ஏஜெண்டுகளை விட்டு வாங்கி வெளியே அனுப்பினார்கள். அந்த மிகுதி யாருக்கு மிகுதி? அடுத்த அறுவடை வரை கூலிக்காரன் சந்தையில் வாங்கித் தின்ன வேண்டிய அரிசி அல்லவா அது?

அந்த ஜனங்கள் வாய் மூடி இருக்கவில்லை. மஹிஷாதல் பக்கம் தானிப்பூர் என்று ஒரு கிராமம். அங்கே அரிசி ஆலையிலிருந்து அரிசி வெளியூர் போவதை 1942 செப்டம்பர் 8-ம் தேதி ஊரார் கூடி மறித்தார்கள். எங்கள் அரிசியை எங்கள் ஊரிலேயே எங்களுக்கு விலைக்குக் கொடு என்பதுதான் வழக்கு. போலீஸ் சுட்டது, மூன்று பேர் செத்தார்கள். அதே மாதம் 29-ம் தேதி தம்லுக் போலீஸ் ஸ்டேஷனை நோக்கிப் போன ஊர்வலத்தில், கொடி பிடித்த எழுபது கடந்த மூதாட்டி மாதங்கினி ஹாஜ்ரா குண்டடிபட்டு மாண்டார். மாதங்கினியின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. தானிப்பூர்க்காரர்களை யார் நினைக்கிறார்கள்? சந்தைக்கு அரிசி கேட்டுச் செத்தவனும் தேசத்துக்காகச் செத்தவன்தான் என்பது நம் அபிப்பிராயம்.

இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 16-ம் தேதி, புயல். கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. சுமார் 14,500 மனிதரும் 1,90,000 கால்நடைகளும் மாண்டதாகச் சர்க்காரே அமைத்த பஞ்ச விசாரணைக் கமிஷன் எழுதி வைத்திருக்கிறது. உழவு மாடு போயிற்று, நின்ற பயிர் போயிற்று, உப்புத் தண்ணீர் குளங்களைக் கெடுத்தது. தப்பிக்கப் படகும் இல்லை. யுத்த ரகசியம் என்று சொல்லி இந்தச் செய்தியையே பல நாள் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். கலகக்கார மாவட்டம் என்பதால் நிவாரணத்திலும் கை இழுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. மாகாண மந்திரியாக இருந்த சியாமா பிரசாத் முகர்ஜி அந்த நவம்பரில் ராஜினாமா செய்ததற்கு மெதினிப்பூர் விவகாரமும் ஒரு காரணம்.

சர்க்கார் கைவிட்ட இடத்தில் ஜனங்கள் தாங்களே ஒரு சர்க்கார் வைத்தார்கள். 1942 டிசம்பர் 17-ம் தேதி தாம்ரலிப்த ஜாதீய சர்க்கார் தோன்றியது. சதீஷ் சந்திர சாமந்தா அதன் முதல் தலைவர். புயல் நிவாரணம், பள்ளிக்கூடங்களுக்கு மானியம், வழக்குத் தீர்க்கப் பஞ்சாயத்து நீதிமன்றம் எல்லாம் நடத்தினார்கள். பதுக்கி வைத்த பணக்காரரிடம் தண்டம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் மென்மையாக நடந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். மிரட்டலும் ஆள் கடத்தலும் உண்டு. ஆனாலும் குண்டுக்கும் பசிக்கும் நடுவில், வரப்புத் தகராறு தீர்க்க ஒரு இடம், தானியம் எங்கே இருக்கிறது என்று கேட்க ஒரு ஆள், இவை வேண்டும் என்று அந்தக் குடியானவர்கள் நினைத்தார்களே, அது சாதாரணமா? 1944-ல் காந்தியின் சொல்லுக்கு இணங்கி அதைக் கலைத்தார்கள்.

அதற்குள் பஞ்சம் வந்துவிட்டது. கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். 1943 மார்ச்சில் 21. மே மாதம் 30. ஆகஸ்டில் 37. கூலி இந்த வேகத்தில் ஓடவில்லை. 1943-ல் வங்காளத்தில் இருந்த அரிசி 1941-ல் இருந்ததைவிடக் குறைவில்லை என்று அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய நூலில் கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கை மறுக்கும் அறிஞர்களும் உண்டு. மறுக்க முடியாதது, யார் செத்தார்கள் என்பது. நெல் வைத்திருந்தவன் பெரும்பாலும் பிழைத்தான். கூலிக்காரன், செம்படவன், படகோட்டி, நெல் குத்திய பெண் ஆகியோர் செத்தார்கள். அரிசியை விலை கொடுத்து வாங்க வேண்டியவர்கள் இவர்கள்தான். கமிஷன் சொன்ன கணக்கு 15 லட்சம் பேர். பின்னால் வந்த ஆய்வாளர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை சொல்கிறார்கள். சிறு குடியானவரில் சுமார் 2,60,000 குடும்பங்கள் வைத்திருந்த நெல் வயல் முழுவதையும் இழந்தன. சோற்றுக்கு விற்ற நிலம். விற்றவன் கூலிக்காரன் ஆனான்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

அந்த நாளில் "அவசியத் தொழிலாளர்" என்று ஒரு வகுப்பைச் சர்க்காரும் முதலாளிகளின் வர்த்தகச் சபையும் பிரித்தார்கள். யுத்தத்துக்கு வேண்டிய ஆலைகள், துறைமுகம், ரயில்வே, சர்க்கார் ஆபீசுகள். இவர்களுக்குக் குறைந்த விலைக்கு அரிசி. ரயில்வே தானே தானியக் கடை நடத்தியது. அன்றைய பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் வேலை பார்த்த நம் பாட்டன்மாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆகவே நாம் இருக்கிறோம். தானியக் கடைக்கு அரிசி தடையின்றி வந்து சேர வேண்டும் என்பதற்காகக் கிராமத்தில் என்ன விலைக்கும் வாங்கினார்கள், கிராமத்து விலை மேலும் ஏறிற்று. நம் தட்டில் விழுந்த சோற்றுக்கும் தம்லுக் சந்தையின் வெறும் கூடைக்கும் நேர் சம்பந்தம் உண்டு.

நம் ஆச்சி சொல்வார்: குவார்ட்டர்ஸ் வாசலில் அலுமினியச் சட்டியோடு பெண்கள் நிற்பார்களாம். சோறு கேட்க மாட்டார்கள், வடிகஞ்சி கேட்பார்கள். "ஃபேன் தாவோ மா" என்பார்களாம். ஆச்சி கஞ்சி ஊற்றியிருக்கிறார், அதைப் பெருமையாகச் சொல்வார். வேறு ஒன்றையும் செய்திருக்கிறார், அதைத் தம் கடைசிக் காலத்தில்தான் சொன்னார். நம் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. அதன் கழுத்தில் வங்காள எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கிறது. இரண்டு சேர் கடை அரிசிக்கு வாங்கிய குடம். சீர் கொடுத்த குடமாக இருக்கும். "நான் கொடுத்திராவிட்டால் அந்த அரிசியும் அவளுக்கு இல்லையேடா" என்றார் ஆச்சி. அதுவும் உண்மைதான். பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோம், பெயர் இன்னும் அழியவில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறோம். 2020 ஊரடங்கின்போது யார்டிலும் தண்டவாள வேலையிலும் கான்ட்ராக்டில் இருந்த நம் தர்மபுரி, சேலம் பிள்ளைகள் ஊர் ரேஷன் அட்டையை வைத்துக்கொண்டு இங்கே பட்டினி கிடந்ததைப் பார்த்தோம். நாமே அரிசி சேகரித்துப் போட்டோம். 2021 ஆகஸ்டில் மேற்கு வங்கமும் சேர்ந்த பிறகு, எந்த ஊர் அட்டைக்கும் எந்த ஊரிலும் மத்திய அரசு தரும் தானியத்தை வாங்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நம் தமிழ்நாட்டு அட்டை எல்லாம் இதில் சேராது. அட்டையில் பி.எச்.எச். என்றோ, அந்த்யோதயா அட்டையானால் பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ இருந்தால்தான் வெளிமாநிலத்தில் செல்லும். என்.பி.எச்.எச். அட்டைக்கு ஊரில் அரிசி உண்டு, இங்கே இல்லை. முன்னுரிமை, முன்னுரிமை அற்றது என்று மறுபடியும் ஒரு பட்டியல். 1943-ல் நாம் பட்டியலுக்கு உள்ளே இருந்தோம். இன்று நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வெளியே.

ஆதார் இணைப்பு, அட்டை வகை, மனு எழுதுவது இவற்றுக்கு உதவ, சங்கக் கட்டிடத்தில் ஞாயிறுதோறும் ஒரு மேஜை போடுவது என்று செயற்குழு முடிவு செய்தது. நல்ல முடிவு. ஆனால் "தமிழருக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்கிறார்கள் சில பெரியவர்கள். சந்தாப் பணம் தமிழருடையது, அதில் மற்றவருக்கு ஏன் என்பது அவர்கள் வாதம். அவர்கள் சங்கத்துக்கு உழைத்தவர்கள், அவர்கள் மேல் நமக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் இதில் நாம் அவர்களோடு இல்லை. ஒரு மேஜைக்கும் நான்கு பேனாவுக்கும் எவ்வளவு சந்தா போய்விடும்? அங்கே கொடுப்பது நம் அரிசியும் அல்ல, சட்டம் கொடுத்த அரிசி. அதே யார்டில், அதே கான்ட்ராக்டரிடம், தர்மபுரிப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒடியாக்காரனும் ஜார்க்கண்ட்காரனும் ஜல்லி சுமக்கிறான். தம்லுக் பக்கத்திலிருந்து வரும் கூலிக்காரனுக்கும் ரேகை பதியாமல் கடையில் திருப்பி அனுப்புகிறார்கள். இவனுக்கு எழுதிக் கொடுத்து அவனை வாசலில் நிறுத்துவதா? வாசலில் நிறுத்திய கதை நம் குவார்ட்டர்ஸுக்குப் புதிதல்ல.

காரியக்காரரும் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். நாளை ரேஷன் கடையில் தமிழ்ப் பிள்ளையின் விரல் ரேகை பதியவில்லை என்றால், அங்கே வரிசையில் நிற்பவன் வங்காளி. அவன் நமக்காக ஒரு வார்த்தை பேச வேண்டுமா, வேண்டாமா?

அந்த வரியை நீக்கக் கோரும் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் நாம் கொண்டு வருகிறோம். தாய்மார்களும் வர வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான், ஆனால் பொதுக்குழுவில் அவர்கள் கை தூக்கிப் பார்த்ததில்லை. தீர்மானம் வென்றாலும் தோற்றாலும் மேஜை ஞாயிறு காலை 9 மணிக்குத் தொடங்கும். அட்டை, ஆதார், இரண்டின் நகல் கொண்டு வாருங்கள். வங்காளமும் ஒடியாவும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு நான்கு பேர் தேவை, பெயர் கொடுங்கள்.