ஒரு ஃபோர்க்குக்கு இவ்வளவு பணமா?

போன வாரம் முழுக்க ஒரு சைக்கிள் பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டேன். ஆளாளுக்குப் போன் செய்து "நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். பதில் சொல்லி வாய் வலிக்கிறது, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன் ஒருவன் (பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வான்) சிப்காட்டில் மெஷின் ஷாப்பில் இருக்கிறான். அவன் மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. சனி, ஞாயிறு வந்தால் மலை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ராயக்கோட்டை, தளி, தேன்கனிக்கோட்டை என்று மண் பாதைகளில் சுற்றுவான். அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, விடியற்காலையில் போகாதே என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். யானை எதிரே வந்தால் எந்த ஷாக்கப்சரும் காப்பாற்றாது.

இப்போது பெங்களூரில் யாரோ ஒரு விசித்திரமான முன் ஃபோர்க்கைப் பழைய விலைக்கு, 90,000 ரூபாய்க்குத் தருகிறார்களாம். மாதத் தவணையில் வாங்குகிறேன் என்கிறான். தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் பாதியை இவன் கட்டுவதாக முன்பே பேச்சு. அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், "டீச்சர் என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று இருவரும் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "அந்தக் காலத்துல நாங்க சாதா சைக்கிள்ல காடு மேடெல்லாம் போகலையா?" என்று பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். நானும் மொபெட்டில் ஒன்பது வருடம் மண் ரோட்டில் பள்ளிக்கூடம் போனவள்தான். பின் ஷாக்கப்சர் செத்துப்போன பிறகும் செலவுக்குப் பயந்து அப்படியே ஓட்டினேன். இன்றைக்கு என் இடுப்பு அதற்கு வட்டி கட்டுகிறது. குலுங்காமல் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுவது ஊதாரித்தனம் இல்லை.

இனி ஃபோர்க் விஷயம். சாதாரண ஷாக்கப்சர் ஃபோர்க்கில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கி இறங்கும். உள்ளே ஸ்பிரிங்கோ அடைத்த காற்றோ இருக்கும். அது மட்டும் இருந்தால் பந்து மாதிரி துள்ளும். அதனால் எண்ணெயைச் சின்னத் துளை வழியாகப் போக வைக்கிறார்கள். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்திக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதிதான். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் ஸ்பிரிங் இருக்கும், இந்த எண்ணெய் வேலை இருக்காது. அதற்கும் நல்ல ஃபோர்க்குக்கும் உள்ள வித்தியாசம் உண்மையானது. அதற்குக் காசு கொடுக்கலாம்.

வழுக்கும் குழாயில் ஒரு குறை உண்டு. முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி மூக்கைக் குத்தும். அதைத் தீர்க்க வழுக்கும் குழாயை விட்டுவிட்டு, முழங்கால் போல மடங்கும் கைகளை வைத்துச் செய்தார்கள். பையன் ஆசைப்படுவது இந்த ஜாதிதான். அமெரிக்காவில் டிரஸ்ட் பெர்ஃபாமன்ஸ் என்று ஒரு கம்பெனி 2018-ல் கார்பன் ஃபைபரில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் மெசேஜ். விலை 2,700 டாலர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். முழு சைக்கிளுக்கு இல்லை, ஃபோர்க்குக்கு மட்டும்! அந்தக் கம்பெனி 2020-லேயே கடையைக் கட்டிவிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் மாணவன் சொன்னான்: "டீச்சர், மோல்டு செலவு நூறு பீஸுக்கும் அதேதான், லட்சம் பீஸுக்கும் அதேதான். நூறு பேர்தான் வாங்குவான்னா அந்த நூறு பேர் தலையிலதான் விழும்." நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு அவன் ஒரே வரியில் பாடம் எடுத்துவிட்டான். அந்த விலையில் பெரும்பங்கு ஓட்டுகிறவனின் சுகத்துக்கு இல்லை, எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு.

எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். தடித்த குழாய் மேலே, மெல்லிய குழாய் கீழே என்று தலைகீழாக வைக்கும் ஃபோர்க் ஒரு காலத்தில் ரேஸ் பைக்கின் சமாச்சாரம். 2013-ல் டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் ஒப்பந்தம் போட்ட பிறகு, ஓசூரில் தயாரான ஜி 310 ஆர் பைக்கில் அது வந்தது. இப்போது காலேஜ் பையன்கள் அதன் மேல் சட்டையைக் காயப்போடுகிறார்கள். சைக்கிளில் அதே தலைகீழ் ஃபோர்க்கை ராக்‌ஷாக்ஸ் 2014-ல் ஆர்எஸ்-1 என்று கொண்டுவந்தபோது, அதற்கென்றே தனி ஹப் வாங்க வேண்டியிருந்தது. கேனண்டேலின் ஒற்றைக்கால் லெஃப்டிக்கும் அப்படியே. ஃபோர்க் வாங்கினால் சக்கரமும் வாங்கு!

இந்த விசித்திரங்களில் எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்து கம்பெனியான லாஃப் செய்தது. லாரிக்கு அடியில் பட்டை இருக்கிறதல்லவா, அந்த யோசனையைக் கண்ணாடி இழையில் செய்து சைக்கிள் முன்னால் வைத்துவிட்டார்கள். எண்ணெய் இல்லை, சீல் இல்லை, ஒழுக ஒன்றும் இல்லை. ஆனால் லாரிப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசித் துள்ளலை அடக்கும், இதில் அந்த உரசல் கிடையாது. மலைப் பாதைக்கான மாடலிலேயே அசைவு 60 மில்லிமீட்டர்தான். மாட்டு வண்டித் தடத்துக்குப் போதும், ராயக்கோட்டைப் பாறைக்குப் போதாது.

எனவே பையனிடம் நான் சொன்னது: வேண்டாம் கண்ணா. உன் ஆசை தப்பில்லை, அந்தப் பொருளும் மட்டமில்லை. ஆனால் மூடிய கம்பெனியின் ஃபோர்க்கில் ஒரு புஷ் தேய்ந்தால் அத்திப்பள்ளி தாண்டியும் கிடைக்காது, அமெரிக்கா போனாலும் தேடத்தான் வேண்டும். காற்றும் எண்ணெயும் சரியாக உள்ள வழக்கமான ஃபோர்க், பெங்களூரில் சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்கு. அதற்கு முன்னால் அகலமான டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பார். அதைவிட மலிவான ஷாக்கப்சர் கிடையாது.

அப்பாவிடமும் சொன்னேன். அவன் சம்பளம் அவனுடையது. தங்கைக்குச் சொன்ன வாக்கை அவனுக்கு ஞாபகப்படுத்து, அத்தோடு நிறுத்து. "ஊதாரி" என்று கூப்பிடாதே. நீ எட்டாம் வகுப்பில் மதிய உணவைத் தியாகம் செய்து கிரிக்கெட் பேட்டுக்குக் காசு சேர்த்தது எனக்குத் தெரியும்.

பையன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டயர் காற்றை எவ்வளவு குறைக்கலாம் என்று மட்டும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு வருகிறானாம், அப்பாவையும் பின்னால் வண்டியில் வரச் சொல்லியிருக்கிறேன்.