பக்கத்து ஊருக்கு நாம் ஏன் அழ வேண்டும் என்பவர்களுக்கு

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்த அக்கம்பக்கத்து ஊர்கள் சேர்ந்து பணம் போடலாம் என்று பேச்செடுத்தால் போதும், "அவங்க ஊர்த் தண்ணிக்கு நம்ம வரிப்பணமா?" என்று ஒரு குரல் கிளம்பிவிடும். பிரிந்து போனால் மிச்சம் பிடிக்கலாம் என்பது இதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை. இது உயிருக்கே உலை வைக்கும் நம்பிக்கை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வைத்தும் விட்டது.

அங்குள்ள ஃபிளின்ட் நகரம் 1967 முதல் டெட்ராய்ட் மாநகரிடம் தண்ணீர் வாங்கிவந்தது. ஹ்யூரான் ஏரியில் எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர். கட்டணம் ஏறிக்கொண்டே போனது. நகராட்சியோ கடனில் தத்தளித்து, மாநில அரசு நியமித்த நெருக்கடி நிர்வாகியின் பிடியில் இருந்தது. டெட்ராய்ட்டை விட்டு விலகி, மாவட்டத்தோடு சேர்ந்து ஏரியிலிருந்து புதுக் குழாய் போடுவது என 2013இல் முடிவானது. குழாய் வரும்வரை ஃபிளின்ட் ஆற்று நீரை நகரத்தின் பழைய நிலையத்திலேயே சுத்திகரித்துக்கொள்வதாம். 2014 ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு, மேயரும் அதிகாரிகளும் ஆற்றுத் தண்ணீர் நிறைந்த டம்ளர்களை உயர்த்திக் கொண்டாடினார்கள்.

அந்த ஊரில் அப்போது பல வீடுகளுக்குப் போனது பழைய ஈயக் குழாய். டெட்ராய்ட் தண்ணீரில் பாஸ்பேட் கலந்திருந்தது; அது குழாயின் உட்புறம் படலமாகப் படிந்து ஈயத்தைக் கரையவிடாமல் காத்தது. ஃபிளின்ட் நிலையத்தில் அதைச் சேர்க்கவில்லை. தேவையில்லை என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறையே சொல்லிவிட்டது. அரிக்கும் தன்மை மிகுந்த ஆற்று நீர் குழாய்களைத் தின்னத் தொடங்கியது. அந்த அக்டோபரிலேயே, எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை நகரத் தண்ணீரை விட்டுவிட்டு, பக்கத்து ஃபிளின்ட் டவுன்ஷிப்பின் தண்ணீருக்கு மாறிக்கொண்டது. அந்த டவுன்ஷிப்புக்கு வந்துகொண்டிருந்தது அதே பழைய டெட்ராய்ட் தண்ணீர்! இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். அவர்கள் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா 2015 செப்டம்பரில் அம்பலப்படுத்திய பிறகுதான் நகரம் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது. அந்தக் காலகட்டத்தில் பரவிய, தண்ணீர்க் கிருமியால் வரும் லீஜியனேர்ஸ் நுரையீரல் நோயில் குறைந்தது 12 பேர் இறந்தார்கள். பின்னாளில் ஒப்புக்கொண்ட இழப்பீடு 62 கோடி டாலருக்கும் மேல்.

மிச்சம் எங்கே போயிற்று? வடிகட்டும் தொட்டி, பம்பு, ஆய்வகம், இரவு முழுக்க மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் எல்லாம் ஒரு லட்சம் பேருக்கும் வேண்டும், பத்து லட்சம் பேருக்கும் வேண்டும். கூட்டுக் குடும்பம் பிரிந்தால் அடுப்புச் செலவு பாதியாகிவிடுமா? அடுப்புதான் இரண்டாகும். தனியே போன ஊர் செலவைக் குறைத்தே தீர வேண்டுமானால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கைவைக்கும். ஒரு வேதியியலாளரின் வேலையிடம், ஒரு மருந்து, ஒரு பரிசோதனை. தண்ணீர் அப்போதும் வரும், பில்லும் வரும். குறைந்தது என்னவென்று குடிப்பவருக்குத் தெரியாது.

ஃபிளின்ட் மக்களின் மனக்குறை நியாயமானது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். டெட்ராய்ட் விலை வைத்தது, ஃபிளின்ட் கொடுத்தது, கேள்வி கேட்க இடமில்லை. அதற்கு மருந்து நிர்வாகத்தில் ஓட்டு. டெட்ராய்ட்டின் நீர் அமைப்பை வட்டாரம் முழுமைக்குமாக நடத்த 2016 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய பேரேரிகள் நீர் ஆணையத்தின் குழுவில் ஆறு பேர். டெட்ராய்ட்டுக்கு இருவர், சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களுக்குத் தலா ஒருவர், மற்ற வாடிக்கையாளர் ஊர்களுக்காக ஆளுநர் நியமிக்கும் ஒருவர். கட்டணத்தை மாற்ற ஐந்து ஓட்டு வேண்டும். ஆகவே டெட்ராய்ட் தன்னிச்சையாக விலையேற்ற முடியாது. டெட்ராய்ட்டை ஒதுக்கிவிட்டு மற்றவர்களும் ஏற்ற முடியாது. இந்த ஆணையத்தோடுதான் 2017இல் ஃபிளின்ட் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. வெளியேறுவதற்காகப் போட்ட புதுக் குழாயின் கடனில் தன் பங்கைச் சமாளிக்கவும் அந்த ஒப்பந்தத்திலேயே வழி தேட வேண்டியிருந்தது.