பதிவில் இல்லாத தோட்டம் நினைவிலும் நிற்காது

2013-ஆம் ஆண்டு இறுதியில், கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி எனப்படும் பழங்கோயில் ஒன்றின் எச்சம் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டி அது. வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது, ஆயிரமாண்டுப் பழமை தரைமட்டமானது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் அதைக் காக்கவில்லை. காரணம், அந்த இடம் அரசிதழில் பதிவு பெறாத தனியார் நிலம்.

ஆயிரமாண்டுச் சின்னத்திற்கே இந்த நிலை என்றால், நூறாண்டுத் தோட்டங்களின் கதி என்ன?

பக்கத்து ஊரான பீடோங்கை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பின், அங்குள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை வளர்ந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் தாக்கம் பெற்ற இளைஞர்கள் அதில் இருந்தனர். கூலியைக் கரைத்த கள்ளுக்கடைகளை எதிர்த்து அவர்கள் மறியல் செய்தனர். 1947-இல் பீடோங்கில் போலீசாருடன் மோதல் வெடித்தது. கூலிம் அருகே டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. நம் வயதினர் நடத்திய இந்தப் போராட்டத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன. தோட்டம் துண்டாடப்படும்போது மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களுக்குப் பெயர்கிறார்கள். மாரியம்மன் கோயிலுக்கு நிலப்பட்டா இருக்காது; தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை சரியும். ஆண்டுக்கொரு முறை தீமிதிக்குக் கூடும் கூட்டம் மட்டுமே ஊரை ஊராக வைத்திருக்கிறது.

வளர்ச்சி வேண்டாம் என்பதல்ல என் வாதம். வேலையும் நல்ல வீடும் நமக்குத் தேவை. ஆனால் லயத்து வீடுகளை அரசிதழில் ஏற்ற யாரும் வரப்போவதில்லை என்பதால், பதிவு செய்யும் பொறுப்பு நம்முடையது.

கைப்பேசி போதும். பிரட்டுக் களம் எங்கே இருந்தது, திருவிழாவில் யார் எந்தக் கடமை செய்தார்கள், கள்ளுக்கடை எப்போது மூடப்பட்டது என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். பழைய படங்களின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பிரதி ஒன்றைப் பள்ளி நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.

தோட்டத்தில் பால் வெட்டிய கடைசித் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. அடுத்த பள்ளி விடுமுறையிலேயே இந்த வேலையைத் தொடங்கலாம்.