சட்டமும் செம்பொருளும்

சட்டத்தின் சொற்களுக்கு அவற்றின் இயல்பான பொருளையே கொள்ளல் வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் விதி. ஆக்கியோன் மனத்தில் எதை எண்ணினான் என்று துருவுமுன், அவன் எழுதியதை எழுதியவாறே படிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நம் உரைமரபுக்கும் இஃது உடன்பாடே. செம்பொருள் பொருந்துமிடத்தில் ஆகுபெயர் தேடித் திரிபவனை நல்லுரைகாரன் என்று யாரும் சொல்லார்.

இவ்விதியின் வலிமையை 2018இன் இறுதியில் நாடு கண்டது. நவம்பர் 9ஆம் நாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டென அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை பொதுப்படக் கூறியிருந்தது. 70ஆம் உறுப்புரையோ, முதற் கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டு கழியுமுன், மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானத்தால் வேண்டினாலன்றிக் கலைத்தலாகாது என அந்நாளில் விதித்திருந்தது. இரா. சம்பந்தன் முதலானோர் வழக்கிட, ஏழு நீதியரசர் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு டிசம்பர் 13ஆம் நாள் ஒருமனதாக அக்கலைப்புச் செல்லாதென்றது. பொதுச் சொல்லைக் காட்டிச் சிறப்புச் சொல்லை அழித்தல் கூடாது, இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பொதுவிதியும் சிறப்புவிதியும் பயின்ற நன்னூல் மாணாக்கனுக்கு இதில் வியப்பில்லை.

ஆயினும் வன்னியிலிருந்து நோக்குவார்க்கு ஒரு வினா எஞ்சுகின்றது. சொல்லின் இயல்பான பொருள் என்கிறோமே, அஃது எந்த மொழிச் சொல்லின் பொருள்?

1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. உம்மைக்குத் தொல்காப்பியர் கூறிய பொருள் எட்டு. இங்குள்ளது எச்சவும்மை என்று மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருசிலர் அதனை இழிவு சிறப்பும்மையாகவே கொண்டு அலுவலகம் நடத்துகின்றனர் என்பது வேறு கதை. அடுத்த ஆண்டின் பதினாறாந் திருத்தமோ, சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும், இரண்டும் முரணுமாயின் எந்த உரை மேலோங்கும் என்பதை ஒவ்வொரு சட்டத்தையும் ஆக்கும்போது பாராளுமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்றது. சிங்களமே மேலோங்கும் என்று அங்கு எழுதப்படவில்லை. ஆனால் யான் எடுத்துப் பார்த்த சட்டங்களிலெல்லாம் பாராளுமன்றத்தின் தீர்மானம் ஒன்றாகவே இருக்கின்றது: முரண்பாடு நேரின் சிங்கள உரையே மேலோங்கும்.

அதே அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கில் தொடக்க நீதிமன்றங்களின் மொழி தமிழ். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வழக்காடுவோன் தமிழில் முறையிடுகிறான், தமிழில் சாட்சி சொல்கிறான். வழக்கு ஒரு சொல்லிலே தங்கிநிற்குமாயின், அவன் படித்தறியாத மொழியின் சொல் வந்து தீர்ப்பளிக்கின்றது.

இஃது ஏட்டளவான ஐயமன்று. ஒருவன் பிறன் காணியைப் பத்தாண்டு இடையறாது தனதென்று ஆண்டுவந்தால் அது தன்னதென்று உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். போரால் ஊர் துறந்தோர்க்கு இதனால் விளையும் அநீதியை நீக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, பயங்கரவாதக் குழுவொன்றின் செயல்களால் நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தோரின் காணியுரிமையைக் காப்பது அதன் நோக்கம். முள்ளியவளைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதை அறிந்து என்னிடம் வந்தார்.

“பண்டிதர் ஐயா, நான் ஷெல்லுக்குப் பயந்தெல்லோ ஓடினனான். அடிச்சது ஆமிக்காரன். இந்தச் சட்டம் என்னையும் சேர்க்குமோ?”

கூர்த்த வினா. ‘செயல்களால்’ என்பதிலுள்ள ஆல் உருபு ஏதுப்பொருளில் வந்தது. ஏது அண்மையதும் உண்டு, சேய்மையதும் உண்டு. அண்மை ஏதுவையே கொள்வோமாயின் பெரியவர் சட்டத்துக்குப் புறம்பாவார். சேய்மை ஏதுவையும் கொண்டால், குழுவின் செயலாற் போர், போராற் ஷெல், ஷெல்லால் ஓட்டம் எனத் தொடர்ந்து அவரும் உள்ளடங்குவார். யான் பின்னதையே கொள்வேன். போரின் இறுதி நாள்வரை காலத்தை நீட்டிய சட்டம், அவ்விறுதி நாள்களில் மக்களைத் துரத்திய காரணங்களுள் ஒன்றை மட்டும் கருதியிராது. ஆனால் யான் ஆராய்ந்தது தமிழ் வேற்றுமையுருபு. சிங்கள உரையில் அவ்விடத்துச் சொல் சற்றே ஒடுங்கியிருக்குமாயின் என் இலக்கணம் அவருக்கு ஒரு குழிக் காணியையும் மீட்டுத் தாராது. இருமொழியும் வல்ல சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினேன்.

முரண்கள் அரியன, அவற்றைப் பெரிதுபடுத்தலாகாது என்பர் சிலர். தமிழ் உரை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகவே பிறக்கும் நாட்டில் அவ்வளவு அரியனவாய் இரா என்றே எண்ணுகிறேன். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளும் விதி நிலவுமிடத்தில் ஒரு முரணே ஒரு குடும்பத்தின் காணிக்குப் போதும்.

நம்மவர் பலர் குடியேறிய கனடாவில் 1982இன் அரசியலமைப்பு, பாராளுமன்றச் சட்டங்களின் ஆங்கில உரையும் பிரெஞ்சு உரையும் சம அதிகாரம் உடையன என்கின்றது. இரண்டும் வேறுபட்டால் நீதியரசர் இரண்டுக்கும் பொதுவான பொருளைத் தேடிச் செல்கின்றனர். நமது உறுப்புரை ‘எந்த உரை’ என ஒன்றையே தெரிவுசெய்யச் சொல்வதால், செம்பொருள் விதிப்படி, சமவுரிமைக்கு அரசியலமைப்பைத் திருத்துதல் வேண்டும். ஆயினும் வடக்குக் கிழக்கின் காணிகளைச் சிறப்பாகப் பற்றிய சட்டமொன்றில் தமிழ் உரையே மேலோங்கும் என்று பாராளுமன்றம் எழுதுவதற்குத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. அதற்கான அதிகாரம் 1988 முதல் அதன் கையில் இருக்கின்றது.